உடைக்க வேண்டிய கண்ணாடி

எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் ஒரு தனியார் பெண்கள் பள்ளியில் எனக்கு விஞ்ஞான ஆசிரியை வேலை கிடைத்தது. பள்ளிக்குச் சொந்தமான விடுதியில் தங்கிக்கொள்ளலாம், சாப்பாடும் உண்டு, பதிலுக்கு உதவி வார்டனாக இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். தனியாக வீடு பிடிக்க எனக்கு வழியில்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு போய்ச் சேர்ந்தேன்.

விடுதி ஒரு காலத்தில் கடலை மண்டியாக இருந்த மாடிக் கட்டடம். கீழே முன்பக்கம் வார்டன் அறை, அதை ஒட்டி மாடிக்குப் போகும் மரப்படி, அப்புறம் சாப்பாட்டுக் கூடம், அதற்கும் பின்னால் சமையல்கட்டும், காய்ச்சல் வந்தவர்களைப் படுக்கவைக்கும் சின்ன அறையும். மேலே ஒரே நீளமான கூடம். பிள்ளைகள் படிப்பதும் படுப்பதும் அங்கேதான். சன்னல்களுக்குக் கட்டை விரல் கனத்தில் இரும்புக் கம்பிகள். முன்கதவு ஒன்று, கிணற்றடிக்குப் போகும் பின்கதவு ஒன்று. இருட்டத் தொடங்கியதும் இரண்டையும் பூட்டிவிடுவார்கள். சாவிக்கொத்து வார்டன் அம்மாவின் இடுப்பில் இருக்கும்.

வார்டன் அம்மாவுக்கு அப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். கணவர் இறந்தபின் திருச்சியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். பெற்றவர்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும்போது அவர் முதலில் அந்தப் பூட்டுகளைத்தான் காட்டுவார். "ராத்திரி ஒரு ஈ காக்கா உள்ள வராது. வெளியவும் போவாது." அப்பாக்களுக்கு அது போதும். ஃபீஸைப் பற்றிக்கூட அதற்கப்புறம்தான் பேசுவார்கள்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம், கட்டடத்துக்கு உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தாசில்தார் ஆபீசில் தீயணைப்பு நிலையத்தின் சான்று கேட்டார்கள். ஒருநாள் பகலில் நிலைய அதிகாரி வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஒல்லியானவர், குரலை உயர்த்தவே மாட்டார். மாடி, படி, சமையல்கட்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பின்கதவின் முன் நின்றார்.

"ராத்திரி இந்தக் கதவு எப்படிங்கம்மா இருக்கும்?"

"பூட்டித்தாங்க இருக்கும்," என்றார் வார்டன் அம்மா.

"சாவி?"

அவர் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

"உங்க ரூம்பு முன்னால இருக்கு. உங்களுக்கும் இந்தக் கதவுக்கும் நடுவுல தீ வந்துச்சுன்னா?"

"இத்தனை வருசமா வரலீங்களே."

"வந்திருந்தா நான் வேற வேலையா வந்திருப்பேம்மா," என்றார் அவர்.

அவர் எழுதிக்கொடுத்துப் போனவற்றைப் படித்தபோது எனக்கு வினோதமாக இருந்தது. நான் பிறந்தது அரும்பாவூர்ப் பக்கம், காலனியில். எங்கள் வீட்டுக்குக் கதவு கிடையாது, படல்தான். கோடையில் ஒரு கூரை பிடித்தால் வரிசையாக நாலைந்து கூரை போகும். பானையையும் ஆட்டுக்குட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடுவோம், பிறகு கீற்று கேட்டு அலைவோம். தீ வருவதற்கு முன்பே அதைப் பற்றி யோசிக்க ஓர் அதிகாரி இருக்கிறார், அவருக்குச் சட்டம் இருக்கிறது, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது என்பதை அந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் எழுதியிருந்தது இதுதான்: மாடிக் கூடத்தின் மறுகோடியில் சுவரை உடைத்துக் கதவு வைத்து, அங்கிருந்து கிணற்றடிக்கு ஓர் இரும்புப் படி இறக்க வேண்டும். பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது எந்தக் கதவையும் பூட்டக் கூடாது. மரப்படிக்கு அடியில் அடுக்கியிருக்கும் கடலைத் தோல் மூட்டைகளை எடுத்துவிட வேண்டும். எங்கள் சமையலுக்கு விறகோடு கடலைத் தோலும்தான் எரிபொருள். மில்லிலிருந்து சல்லிசாகக் கிடைக்கும். ஆபத்துக்கு அடிக்கத் தனியாக ஒரு மணி வேண்டும், அது சாப்பாட்டு மணி போலக் கேட்கக் கூடாது.

வார்டன் அம்மா மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பூட்டு விஷயத்துக்கு மட்டும் முடியாது என்றார். பள்ளியின் கரஸ்பாண்டென்ட் முந்திரி வியாபாரி, எதிலும் சண்டை வேண்டாம் என்று நினைப்பவர். இரண்டு பக்கமும் போய்ப் பேசினார்.

"வயசுப் புள்ளைங்க சார்," என்றார் வார்டன் அம்மா. "தீ என்னிக்கோ வரும். எவனாவது ஒருத்தன் தினமும் வந்து சந்துல நிப்பான். நான் எதுக்குப் பயப்படறது?"

கடைசியில் அதிகாரியே இறங்கிவந்தார். மாடிக் கதவுக்கும் பின்கதவுக்கும் பூட்டு இருக்கட்டும், ஆனால் அந்தந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே சுவரில் ஒரு சின்ன மரப்பெட்டி, முன்பக்கம் கண்ணாடி, உள்ளே ஆணியில் சாவி. அவசரத்துக்குக் கண்ணாடியை உடைத்துச் சாவியை எடுத்துக்கொள்ளலாம். சும்மா எடுத்தால் மறுநாள் காலையில் தெரிந்துவிடும். வார்டன் அம்மாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஆனால் உரிமம் வேண்டியிருந்தது.

மணி கும்பகோணத்திலிருந்து வந்தது. கோயில் மணியைப் போலக் கனமான வெண்கலம். பள்ளியில் எல்லாவற்றுக்கும் தண்டவாளத் துண்டைத் தட்டுவதுதான் பழக்கம். இதை முதல் தடவை அடித்துக் காட்டியபோது சின்னப் பிள்ளைகள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு வாரத்தில் அதற்கு 'ஓடு மணி' என்று பெயர் வைத்தார்கள்.

முதல் ஒத்திகை கேலிக்கூத்தாக முடிந்தது. மணி அடித்ததும் பாதிப் பேர் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரும்புப் படியில் இறங்கினார்கள். படி குறுகலானது. பெட்டிகள் சிக்கிக்கொண்டன. ஒருத்தி செருப்பை விட்டுவிட்டேன் என்று எதிர்த்து ஏறினாள். கீழே நின்றுகொண்டிருந்த அதிகாரி திட்டவில்லை. "கையில ஒண்ணும் எடுக்கக் கூடாது. தலை வாராம வந்தாலும் பரவாயில்ல," என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்தடுத்த ஒத்திகைகளில் வெறுங்கையோடு வரப் பழகினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த சுத்தியல் மட்டும் முதல் மாதமே காணாமல் போயிற்று. யாரோ காலண்டர் மாட்ட எடுத்திருப்பார்கள்.

தீ அடுத்த ஐப்பசியில் வந்தது. ஒரு வாரமாக அடைமழை. கடலைத் தோல் மூட்டைகளுக்காகக் கிணற்றடியில் போட்டிருந்த சாய்ப்பு ஒழுகியது. சமையல்கார அம்மா மூட்டைகளைப் பழையபடி மரப்படிக்கு அடியில் கொண்டுவந்து அடுக்கிவிட்டார். நனைந்தால் எரியாது, எரியாவிட்டால் சோறு வேகாது, அவருக்கு அதுதான் கவலை. யாரும் தடுக்கவில்லை. அன்று சாயங்காலம் கரண்ட் போனது. மூட்டை எடுக்கச் சிம்னி விளக்கோடு வந்தவர், விளக்கைக் கீழே வைத்துவிட்டு மேல் மூட்டையை இழுத்தார். மூட்டை சரிந்து விளக்கின் மேல் விழுந்தது.

நான் மேலே பிள்ளைகளோடு இருந்தேன். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் படிப்பு நேரம். ஓடு மணி கேட்டது. ஒத்திகை என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். மழையில் எதற்கு ஒத்திகை என்று எரிச்சல்கூட வந்தது. அதற்குள் மரப்படிப் பக்கமிருந்து புகை வந்துவிட்டது. கடலைத் தோல் புகைக்கு ஒரு எண்ணெய்க் காறல் உண்டு. சின்னவர்கள் இருமினார்கள். சுத்தியல் இல்லை. முன்வரிசையில் இருந்த ஒருத்தியின் கையிலிருந்து ஜியாமெட்ரி பாக்ஸை வாங்கி அதன் முனையால் கண்ணாடியை உடைத்தேன். சாவி கையில் வந்தது. கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக மழையில் இறங்கினார்கள். யாரும் பெட்டியைத் தூக்கவில்லை. ஒரு சின்னப் பெண் மட்டும் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள்.

கீழே நடந்ததைப் பிறகு வார்டன் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். பின்னறையில் காய்ச்சலோடு படுத்திருந்த பெண்ணுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். சமையல்கார அம்மாவின் சத்தம் கேட்டு ஓடிவந்து மணியை அடித்தார். அப்புறம்தான் இடுப்பைத் தடவிப் பார்த்தார். மாலையில் குளித்துவிட்டு வேறு புடவை கட்டியபோது சாவிக்கொத்தை அறையிலேயே மறந்திருந்தார். அறைக்குப் போகும் வழியில் படி எரிந்துகொண்டிருந்தது. கஞ்சிச் சொம்பாலேயே பின்கதவுப் பெட்டியின் கண்ணாடியை இடித்தார். காய்ச்சல்காரப் பெண்ணைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சமையல்கார அம்மாவையும் இழுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். அவர் உள்ளங்கையில் கண்ணாடி ஆழமாகக் கிழித்திருந்தது. பிள்ளைகளை எண்ணிப் பார்க்கும்வரை அதை அவர் கவனிக்கவில்லை.

அக்கம்பக்கத்தார் கிணற்று நீரை இறைத்து ஊற்றினார்கள். மழையும் உதவியது. தீயணைப்பு வண்டி வந்தபோது மரப்படியின் பாதி கரிக்கட்டையாக நின்றது, அவ்வளவுதான். அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்தார். மூட்டைகளின் மிச்சத்தையும் பார்த்தார். சமையல்கார அம்மா ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தார். அவரிடம் எதுவும் கேட்காமல், "மணி அடிச்சது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

"நாந்தாங்க," என்றார் வார்டன் அம்மா.

"சரியா அடிச்சீங்கம்மா. கையக் காட்டுங்க," என்று வண்டியிலிருந்து பஞ்சு எடுத்துவந்து அவரே கட்டுப் போட்டுவிட்டார்.

படி சிமெண்டில் கட்டப்பட்டது. கண்ணாடிகள் மாற்றப்பட்டன. தை மாதத்துக்குள் ஊர் அதை மறந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகாத தீயைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

மறுவருடம் மார்கழியில் ஒருநாள், விடிந்தும் விடியாத நேரத்தில் பால்காரருக்காகக் கீழே வந்தேன். பின்கதவுப் பெட்டியில் கண்ணாடி இல்லை. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பூட்டும் சாவியும் ஆணியில் தொங்கின. உடைந்த கண்ணாடித் துண்டுகளை யாரோ துடைப்பத்தால் கூட்டி, கால்படாத மூலையில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மேலே போய்ப் பார்த்தேன். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் பாய் மட்டும் சுருட்டி வைத்திருந்தது.

அவள் உடையார்பாளையத்துக்காரி. அப்பாவுக்கு முந்திரித் தோப்பு. அதிகம் பேசமாட்டாள், கணக்கு நன்றாகப் போடுவாள். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அப்பா வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவர் போனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பல்வலி என்று சொன்னாள், நானும் நம்பினேன்.

ஆள் அனுப்பினோம். மதியத்துக்குள் அப்பா வந்துவிட்டார். கூடவே அவர் மனைவியின் தம்பியும் வந்தார். சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிற இளைஞர். அந்தப் பெண்ணை அவருக்குத்தான் பேசி முடித்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தையில் கல்யாணம்; படிப்பு அதோடு சரி.

"பூட்டித்தான் வெச்சிருக்கோம்னு சொன்னீங்களே! எவன் கூடப் போனா?" என்று அப்பா கத்தினார். மாப்பிள்ளை வாசல் வேப்பமரத்தடியில் தள்ளியே நின்றார்.

பெரம்பலூரில் அவளுக்கு ஒரு சித்தி உண்டு, லீவு நாட்களில் அங்கே போவாள் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. சொன்னேன். மூன்று பேருமாகப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினோம். அப்பா நடைபாதைக்கு அந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் என்னிடம் கேட்டார்.

"டீச்சருக்கு எந்தூருங்க?"

"அரும்பாவூர்ப் பக்கங்க."

"அரும்பாவூர்ல எனக்கு நெறைய பேரத் தெரியும். எந்தத் தெரு?"

"ஊருக்கு வெளியிலங்க. காலனி."

அவர் தலையை ஆட்டினார். அடுத்த நிறுத்தத்தில் எழுந்து பின்னால் போய் மைத்துனர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் சன்னலுக்கு வெளியே சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இது எனக்குப் புதிதில்லை.

சித்தி வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். அந்தப் பெண் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். எவனோடும் போகவில்லை. முதல் பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறாள். அப்பா கையை ஓங்கிக்கொண்டு போனார். சித்தி குறுக்கே வந்தாள்.

நான் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டேன். "ஏம்மா, எங்கிட்டச் சொல்லியிருந்தா லீவு குடுத்திருப்போம்ல?"

"சொன்னா அப்பாவுக்கு ஆள் வுட்டிருப்பீங்க டீச்சர்."

அது உண்மை. அதனால் வேறு கேட்டேன். "தீப்பிடிச்சாத்தான் ஒடைக்கணும்னு சொல்லியிருக்கோம்ல?"

"தெரியும் டீச்சர். பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சுன்னு அப்பா சொல்லிட்டுப் போனாரு. நான் பரிட்சை எழுதணும். எனக்கு வேற ஒண்ணும் தோணல. துண்டச் சுத்தித்தான் ஒடைச்சேன். யாரும் முழிச்சுக்கல," என்றாள்.

எங்களுக்குப் பின்னால் மாப்பிள்ளை வந்து நின்றிருந்தார். அதுவரை அவர் குரலையே நான் கேட்டதில்லை. அவர் அப்பாவிடம் திரும்பி, "மாமா, பத்திரிகைய நான் இன்னும் அச்சாபீஸ்ல குடுக்கல," என்றார்.

"என்னாடா சொல்ற?"

"பரிட்சை முடிஞ்சிரட்டும்னு அக்காகிட்ட அன்னிக்கே சொன்னேன். அது உங்ககிட்ட சொல்லலபோல."

அப்பா கீழே உட்கார்ந்துவிட்டார். சித்தி காப்பி கொண்டுவந்தாள். கடைசியில், அவள் சித்தி வீட்டிலேயே இருந்து படித்துப் பரிட்சை எழுதட்டும், விடுதி வேண்டாம் என்று முடிவாயிற்று.

மறுநாள் கரஸ்பாண்டென்ட் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசைமேல் அந்த மரப்பெட்டிகள் இரண்டும் இருந்தன. ஆள் வைத்துச் சுவரிலிருந்து கழற்றியிருந்தார்.

"தீ ஒரு தடவ வந்துச்சு. புள்ள போனதும் ஒரு தடவதான். ஆனா ஊரு எதப் பத்திப் பேசுது பாத்தீங்களா? நாலு அப்பாமாரு காலையில வந்துட்டுப் போயிட்டாங்க," என்றார். "சாவி பழையபடி வார்டன் கிட்டயே இருக்கட்டும். நீங்க முதல்லயே அதத்தான சொன்னீங்க."

வார்டன் அம்மா தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல் போட்ட இடம் கொஞ்சம் தடித்திருக்கும், விரல்களை முழுதாக மடக்க வராது.

"சொன்னேங்க," என்றார். "அன்னிக்குச் சாவி என் ரூம்புல கெடந்துச்சு. காச்சப் புள்ளயத் தோள்ல போட்டுக்கிட்டு அந்தக் கதவு முன்னால நின்னேன். எனக்குத்தான் தெரியும்."

"அது சரிங்கம்மா. ஆனா—"

"பெட்டியத் திரும்ப மாட்டலன்னா வேற வார்டனப் பாத்துக்குங்க. பூட்டிப்புட்டு அத்தனை புள்ளைங்களுக்கும் நான் பதில் சொல்ல முடியாது."

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கரஸ்பாண்டென்டும் கேட்டிருக்க மாட்டார். கண்ணில் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். கடைசியில், பெட்டி இருக்கட்டும், ஆனால் பின்கதவுக்குப் பக்கத்தில் யாராவது படுக்க வேண்டும் என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

என் கட்டிலைப் பின்கதவோரம் போட்டார்கள். கிணற்றடிக் குளிர் கதவிடுக்கில் வரும். மழைக்காலத்தில் தவளைச் சத்தம். முதல் சில மாதங்கள் அப்பாமார்கள் வந்து கட்டிலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். முன்பு பூட்டைக் காட்டியதுபோல, வார்டன் அம்மா அவர்களுக்கு என்னைக் காட்டினார். "டீச்சர் இங்கதான் படுத்திருக்கும்." எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும், அரசுப் பள்ளி வேலை கிடைத்து நான் பெரம்பலூருக்குப் போகும்வரை, அங்கேதான் படுத்தேன். அதற்குப் பிறகு யாரும் கண்ணாடியை உடைக்கவில்லை.

அந்தப் பெண் பரிட்சையில் நல்ல மார்க் வாங்கினாள். ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தாள். பயிற்சி முடிந்ததும் அதே மாமனையே கட்டிக்கொண்டாள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று நான் கேட்டேன். "இல்ல டீச்சர், மாமாவ எனக்குப் புடிக்கும். அப்பவே புடிக்கும். தையிலதான் புடிக்கல," என்றாள்.

கல்யாணத்துக்கு நானும் வார்டன் அம்மாவும் உடையார்பாளையம் போனோம். போகலாமா வேண்டாமா என்று வார்டன் அம்மா பஸ் ஏறும்வரை தயங்கினார். வீட்டு முன்னால் கீற்றுப் பந்தல், நல்ல கூட்டம். பந்தியில் ஓரமாக இடம் பார்த்து நான் உட்காரப் போனேன். பெண்ணின் அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துப்போய் நடுவரிசையில் உட்காரவைத்தார். அப்பா தோளில் துண்டோடு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தார். வார்டன் அம்மாவுக்கு ஊற்றினார். எனக்கு ஊற்றினார். நகரப் போனவர் நின்று, "டீச்சர், நல்லாச் சாப்புடுங்க," என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, இலையைப் பார்த்துத்தான் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. சாம்பாரில் உப்பு கம்மி என்று வார்டன் அம்மா சொன்னார். எனக்கு அப்படித் தெரியவில்லை என்றேன். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வந்தன. அவர் தாம்பூலப் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனார்.